மேல்விலங்கு

ஜனவரி 3, வெள்ளி

நான் டைப் அடிக்கும் அச்சுக் கடையின் முதலாளி சம்சு பாய் கொடுத்த டைரி இது. சிமெண்ட் கடைக்காரர் வருஷா வருஷம் அவருக்குக் கொடுப்பார், அவர் என்னிடம் தள்ளிவிடுவார். "ஜோதி, ஊரான் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலியுமா அடிச்சுத் தள்ளுற. ஒனக்குன்னு சொந்தமா ரெண்டு வரி எழுத வருதான்னு பாப்போம்" என்றார். கிண்டல்தான். ஆனாலும் எழுதப் போகிறேன். பேச ஆள் இல்லாதவள் வேறென்ன செய்வாள்?

இன்று கோர்ட் ஏட்டு வந்து சம்மன் கொடுத்துவிட்டுப் போனார். பிப்ரவரி 12. என் கணவர் தெய்வேந்திரன் முதல் சாட்சி, நான் இரண்டாம் சாட்சி. எதிரி என் கூடப் பிறந்த அண்ணன் அழகர். 2023 ஆகஸ்ட் 13, ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டின் முன்பக்கம் இருக்கும் மோட்டார் வைண்டிங் கடையில் வைத்து அண்ணன் அவரைப் பைப் ரெஞ்சால் அடித்தான். ஒரே அடி. காறை எலும்பு முறிந்தது, காது மடல் கிழிந்தது. கொலை முயற்சி என்று 307 போட்டிருக்கிறார்கள். நிரூபணமானால் பத்து வருஷம் வரை போகலாமாம். அண்ணனுக்கு வயது நாற்பத்தொன்று. மினி பஸ் ஓட்டுகிறவன். வெளியே வரும்போது அவனை நம்பி எவன் வண்டி கொடுப்பான்?

ஏட்டு என் சம்மனை என் கையில் தரவில்லை, அவர் கையில் தந்தார். ஏன் என்று கேட்டேன். "ரெண்டு பேரும் ஒரே வீடுதானம்மா" என்றார். இந்த ஏட்டு போன மாதம் எங்கள் கடையில் ஓசியில் ஃபேன் சரி பார்த்துக்கொண்டு போனவர். எல்லாம் எனக்குத் தெரியும்.

இடது மணிக்கட்டில் வீக்கம் வற்றவில்லை. கதவு இடித்தது. டைப் அடிக்கும்போது வலிக்கிறது.

டைரியை மகள் கனியின் பழைய எல்கேஜி பைக்குள் வைக்கிறேன். கனிஷ்கா இப்போது இரண்டாம் வகுப்பு, அந்தப் பையை யாரும் சீண்டுவதில்லை.

ஜனவரி 5, ஞாயிறு

போலீசில் நான் சொன்னதாக எழுதி வைத்திருக்கும் வாக்குமூலத்தின் ஜெராக்ஸை அவர் வாங்கி வந்தார். "வரி தப்பாமப் பாடம் பண்ணிக்க" என்றார். அத்தை, அவருடைய அம்மா, முறத்தில் அரிசியைப் புடைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் நான் படிப்பதைப் படிக்கத் தெரியும்.

"எதிரி அழகர் கையில் கொண்டு வந்த இரும்பு ரெஞ்சுடன் ஆவேசமாக உள்ளே நுழைந்து, 'இன்றோடு உன்னை விடமாட்டேண்டா, தீர்த்துக் கட்டிவிடுகிறேன்' என்று உரக்கச் சத்தமிட்டு, கொல்லும் எண்ணத்துடன் என் கணவரின் தலையைக் குறிபார்த்து ஓங்கி அடித்தார்."

இது நான் பேசியதாம்! என் ஏழு தலைமுறையில் யாராவது இப்படிப் பேசியிருப்பார்களா? எங்கள் அச்சுக் கடையில் கண்ணீர் அஞ்சலிக்கு ஒரு மாதிரி இருக்கிறது. 'ஆற்றொணாத் துயரத்துடன்' அப்படியே நிற்கும், பெயரும் போட்டோவும் மட்டும் மாறும். ஸ்டேஷன் ரைட்டரிடமும் அடிதடிக்கு ஒரு மாதிரி இருக்கும் போலிருக்கிறது.

பதினொரு வருஷமாகப் பிழை பார்க்கிறவள் நான். கண் தானாகப் போய் நின்ற இடம் ஒன்றுதான். 'விடமாட்டேண்டா.' அண்ணன் அவரை ஒரு நாளும் 'டா' போட்டதில்லை. தங்கச்சி புருஷனை எவனாவது டா போடுவானா? எப்போதும் "மாப்ள, வாங்க, போங்க"தான்.

நான் கேட்டது 'விடமாட்டேண்டி.' அதுவும் "இன்றோடு" கிடையாது, "இங்க." "ஒன்ன இங்க விடமாட்டேண்டி." எனக்குச் சொன்னது. டா-வுக்குத் துணைக்கால், டி-க்கு மேல்விலங்கு. ஓர் எழுத்துதான் வித்தியாசம்.

அடித்த பிறகு ஆட்டோ பிடித்ததே அண்ணன்தான். பெரியாஸ்பத்திரி வரை அவர் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு போனான். அது இந்தக் காகிதத்தில் எங்கும் இல்லை.

'டி' என்று சொன்னால், என்னை ஏன் அங்கே விடமாட்டேன் என்றான் என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு நிறையச் சொல்ல வேண்டியிருக்கும். அதெல்லாம் எதற்கு?

ஜனவரி 8, புதன்

கடையில் இன்று ஒரே சிரிப்பு. புதுப் பையன் ஒருவன் அடித்த கல்யாண பிளக்ஸில் 'மணமக்களை வாழ்த்துகிறோம்' என்பது 'வீழ்த்துகிறோம்' என்று ஆகிவிட்டது. மாப்பிள்ளையின் சித்தப்பா மீசையை முறுக்கிக்கொண்டு வந்தார். "வேணும்னே பண்ணிருக்கீக! பொண்ணு வீட்டுக்காரன் சொல்லித்தானய்யா?" பாய் கையெடுத்துக் கும்பிட்டார். "அண்ணாச்சி, கைத்தப்பு. மனசறிஞ்சு பண்ணல." அவர் நம்பவே இல்லை. வெளியில் தெரிந்த எழுத்துதான் அவருக்குச் சாட்சி.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் என் கணவர் கேட்டார்: "அன்னைக்கு ஒங்கண்ணன யாரு வரச் சொன்னது? தெக்குத்தெரு தாண்டி ஆறு கிலோமீட்டர். சரியா அந்நேரத்துக்கு எப்படி வந்து நின்னான்?" பதினேழு மாதமாக இதையேதான் கேட்கிறார். நான் கூப்பிடவில்லை. போன் சார்ஜில் கிடந்தது.

ஜனவரி 13, திங்கள், போகி

வீடு ஒட்டடை அடித்தோம். அத்தையின் டிரங்குப் பெட்டியை நகர்த்தியபோது பின்னால் ஒரு நீலச் சுருள். பாம்புச் சட்டை என்று பயந்துவிட்டேன். இன்சுலேஷன் டேப். கைப்பிடியில் சுற்றியிருந்ததை ஒரே இழுப்பில் உரித்தால் எப்படிச் சுருளுமோ அப்படி.

அவர் தன் எல்லா ஆயுதத்துக்கும் நீல டேப்தான் சுற்றுவார். ஸ்பேனர், சுத்தியல், பிளையர் எல்லாவற்றுக்கும். கை வழுக்காதாம், இரவல் போனாலும் அடையாளம் தெரியுமாம். அடித்த ரெஞ்சைப் போலீசில் ஒப்படைத்தது அத்தை, இரண்டு நாள் கழித்து. அண்ணன் வீட்டிலிருந்து கொண்டு வந்தது என்று எழுதிக்கொண்டார்கள். அண்ணன் மினி பஸ் ஓட்டுகிறவன், அவன் வீட்டில் பைப் ரெஞ்சுக்கு என்ன வேலை?

பழசையெல்லாம் எரிக்கும் நாளில் இதை மட்டும் எரிக்க மனம் வரவில்லை. மேல் அலமாரியில் மஞ்சள் டப்பாவுக்குள், மஞ்சளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். அத்தைக்கு அது எட்டாது. என் கணவரோ சமையல்கட்டுக்குள் கால் வைப்பதில்லை. இது இருக்கும் இடம் எனக்கும் இந்த டைரிக்கும் மட்டும்தான் தெரியும்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பால் கிழக்கே பொங்கியது. அத்தை அதற்கும் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

ஜனவரி 16, வியாழன்

படியில் தவறிவிட்டேன். உதட்டில் இரண்டு தையல்.

ஜனவரி 17, வெள்ளி

மஞ்சள் டப்பாவில் மஞ்சள் மட்டும்தான் இருக்கிறது.

ஜனவரி 19, ஞாயிறு

நிதானமாக யோசித்துப் பார்த்தேன். ஒரு மனிதர் கை தூக்க முடியாமல் நான்கு மாதம் கிடந்தாரே, அதை நான் எண்ணிப் பார்த்ததுண்டா? தன் தொழிலையே விட வேண்டி வந்துவிடுமோ என்று அவர் பட்ட கவலை எனக்கல்லவா தெரியும். பெண்டாட்டி என்று ஒருத்தி இருந்து என்ன பயன்?

அண்ணன் 'டா' என்றுதான் சொன்னான் போலிருக்கிறது. அடுப்பில் குக்கர் விசிலடித்துக்கொண்டிருந்தது, எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை. எழுத்திலேயே புழங்கிப் புழங்கி நான் எல்லாவற்றிலும் பிழை தேடுகிறேன். இது ஒரு வியாதி.

அந்த டேப் விஷயமும் அப்படித்தான். வீட்டில் ஆயிரம் டேப் கிடக்கும்.

ஜனவரி 24, வெள்ளி

அரசு வக்கீலின் அறைக்குப் போனோம். என் கணவரும் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வக்கீல் ஃபைலைப் புரட்டியபடியே பேசினார்.

"இங்க பாரும்மா. அடிச்சது அடிச்சாச்சு, அதுல சண்டை இல்ல. கொல்லணும்னு அடிச்சானா, காயம் பண்ணணும்னு அடிச்சானா, இல்ல ஆத்திரத்துல கை போயிருச்சா? அங்கதான் 307, 326, 335ன்னு பிரிச்சுப் போடுவாங்க. பத்து வருஷமும் பத்து மாசமும் அங்கதான் பிரியுது. நெஞ்சுக்குள்ள இருக்கறத யாரு எட்டிப் பாக்க முடியும்? அதனால வெளியில கெடக்கறத வெச்சுக் கணக்குப் போடுவாங்க. ஆயுதம் கையோட கொண்டாந்ததா, அங்கேயே கெடந்ததா. எங்க அடிச்சான், எத்தனை அடி. அடிக்கிறப்ப வாய் என்ன சொல்லுச்சு. அடிச்சுட்டு ஓடினானா, நின்னானா."

"தலையப் பாத்துத்தான் சார் அடிச்சான். நான் கொஞ்சம் வெலகுனேன்" என்றார் இவர்.

"ஒங்கள கேக்கல தெய்வேந்திரன்." வக்கீல் என்னைப் பார்த்தார். உதட்டுத் தையலைப் பார்த்தாரா, எனக்குத் தெரியாது. "வேற ஏதாச்சும் சொல்லணுமாம்மா?"

எதற்காக அப்படிக் கேட்டார்? ஆழம் பார்க்கிறாரா? நான் சொல்வதை அப்படியே இவர் காதில் போடுவதற்கா? "ஒண்ணுமில்லீங்க சார், எழுதியிருக்கிறதுதான்" என்றேன். இவர் திரும்பும் வழியில் எனக்கு அரை முழம் மல்லிகை வாங்கிக் கொடுத்தார்.

ஜனவரி 28, செவ்வாய்

கனியைக் கோயம்புத்தூரில் நாத்தனார் வீட்டில் கொண்டுபோய் விடப் போகிறாராம். சாட்சி முடியும் வரை அங்கேயே இருக்கட்டும் என்கிறார். அதன் பிறகும் அங்கேயே படிக்கலாம், நல்ல பள்ளிக்கூடம் இருக்கிறது என்று அத்தை ஒத்து ஊதினார். "ஆத்தாக்காரி ஒழுங்காச் சொன்னா புள்ள தானா வந்துரும்." இதைச் சொல்லும்போது அத்தை முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தார்.

பெரியவர்கள் யோசிக்காமல் செய்வார்களா?

பிப்ரவரி 1, சனி

ஜெராக்ஸ் முழுவதும் மனப்பாடம். கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். 'விடமாட்டேண்டா' என்ற இடத்தில் குரலைக்கூட உயர்த்திப் பழகியிருக்கிறேன்.

எனக்கு ஒரே ஒரு பயம்தான். கனி பக்கத்தில் இல்லாத ராத்திரிகளில் எனக்குத் தூக்கம் வராது. தூங்காமல் போய்க் கூண்டில் நின்றால் வாய் குழறி, டா-வும் டி-யும் மாறி எதையாவது உளறிவைப்பேனோ என்னவோ. அண்ணனுடைய வக்கீல் திரவியம் குறுக்குக் கேள்வியில் பலே ஆள் என்கிறார்கள். இதை வீட்டில் அவரிடம் எப்படிச் சொல்வது? புள்ளையைச் சாக்கு வைக்கிறாள் என்று நினைத்துவிட்டால்?

பிப்ரவரி 2, ஞாயிறு

காலையில் அவராகவே சொன்னார். "புள்ள இங்கயே இருக்கட்டும். பரீச்சை வருதில்ல." என் மனசை எப்படித்தான் அறிந்தாரோ! கட்டியவன் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்.

பிப்ரவரி 6, வியாழன்

அண்ணன் பெண்டாட்டி ஈஸ்வரி கடைக்கு வந்தாள். நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. புருஷனுக்காக என்னிடம் அழ வந்திருக்கிறாள், வேறென்ன? காதணி விழாப் பத்திரிகைக்கு மாதிரி கேட்டாள், ஒன்றைத் தூக்கிப் போட்டேன். வாங்கிக்கொண்டு போய்விட்டாள். பாய் என்னைப் பார்த்து, "ஒனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையாம்மா?" என்றார்.

பிப்ரவரி 11, செவ்வாய்

நாளை கோர்ட். கனியை வழக்கம்போலப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுப் போகிறோம். எனக்குப் பயமே இல்லை. டா, டா, டா.

பிப்ரவரி 13, வியாழன்

அண்ணன் வீடு. ஒரே அறை, ஒரு சமையல்கட்டு. கனி ஈஸ்வரி மதினியின் மடியில் தலை வைத்துத் தூங்குகிறாள். டைரியைச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டு எடுத்து வந்துவிட்டேன். இனி இதை என்னைத் தவிர யாரும் படிக்கப் போவதில்லை. எனவே உண்மையை எழுதலாம்.

மஞ்சள் டப்பாவில் டேப் இல்லாத அன்றுதான் எனக்கு உறைத்தது. டேப் அங்கே இருப்பதை நான் ஒரு இடத்தில்தான் சொல்லியிருந்தேன், இந்த டைரியில். ஆக, இதை அவர் படிக்கிறார். படித்துவிட்டுத்தான் பதினாறாம் தேதி என்னைப் படியில் தவறவைத்தார். அடி வாங்கி ஒரு நாள் அழுதேன். மறுநாள் யோசித்தேன். படிக்கிறவனுக்கு எழுதிக் கொடுப்பதுதானே என் தொழில்? வாடிக்கையாளர் என்ன கேட்கிறாரோ அதை அடித்துக் கொடுத்தேன்.

நேற்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். முதலில் அவரை விசாரித்தார்கள், நான் வெளியே பெஞ்சில். உள்ளே திரவியம் ஒரே ஒரு கேள்வியைத்தான் இழுத்து இழுத்துக் கேட்டாராம். "அழகர் ஒங்கள எப்படிக் கூப்பிடுவார்?" "மாப்ளைன்னு." "ஒம்பது வருஷத்துல ஒரு தடவையாச்சும் டா?" "இல்ல. அன்னைக்கு மட்டும்தான்."

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். அவர் உள்ளேயே பின் வரிசையில் தைரியமாக உட்கார்ந்திருந்தார். நீதிபதி ஒரு அம்மா, மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். அண்ணன் கூண்டுக்குள் தலை குனிந்து நின்றான். அவன்கூட என்னைச் சந்தேகப்பட்டான் என்பது அவன் கழுத்திலேயே தெரிந்தது.

அரசு வக்கீல் கேட்டார், எதிரி என்ன சொன்னார் என்று. நான் சொன்னேன்: "எங்கிட்ட சொன்னார்ங்க. 'ஒன்ன இங்க விடமாட்டேண்டி, வா'ன்னு. என் முடி என் வீட்டுக்காரர் கையில இருந்துச்சு. எங்கண்ணன் மொதல்ல, 'மாப்ள, விட்ருங்க, விட்ருங்க'ன்னு ரெண்டு தடவை கெஞ்சினார். அவர் விடல. மேசையில கெடந்த ரெஞ்சை எங்கண்ணன் எடுத்து, முடியப் பிடிச்சிருந்த கைய அடிச்சார். வீட்டுக்காரர் திரும்பினார், தோள்ல பட்டுருச்சு."

"ஏய்!" என்று பின்னாலிருந்து ஒரு சத்தம். அவர் எழுந்தே நின்றுவிட்டார். நான் கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன். யோசித்துச் செய்யவில்லை, கை தானாகப் போனது. நீதிபதி அம்மா அவரை உட்காரச் சொன்னார், பிறகு என் கையை வெகுநேரம் பார்த்தார்.

அரசு வக்கீல் என்னைப் பிறழ் சாட்சி என்று அறிவித்துவிட்டு மடக்கினார். அண்ணனைக் காப்பாற்றப் பொய் சொல்கிறேனாம். போலீசில் ஏன் சொல்லவில்லையாம். "ரைட்டர் எழுதி முடிச்சுட்டுத்தான் என்னைக் கூப்பிட்டாருங்க. மாமியார் பக்கத்துல நின்னாங்க." ரெஞ்சைக் காட்டினார்கள். கைப்பிடியில் டேப் இல்லை. ஆனால் பிசின் கோடு கோடாகச் சுற்றிக்கொண்டு நிற்கிறது. "தொட்டுப் பாருங்கம்மா, ஒட்டும். இது என் வீட்டுக்காரர் கடை ரெஞ்சு" என்றேன். நீதிபதி தொட்டுப் பார்த்தார்.

"அன்னைக்கு ஒரு நாள் மட்டும்தானா?" என்று அந்த அம்மா கேட்டார். ஒன்பது வருஷத்தில் என்னை யாரும் கேட்காத கேள்வி. "இல்லீங்கம்மா" என்று சொல்லும்போதே உடைந்து அழுதுவிட்டேன். சபையில் அழுவேன் என்று நான் நினைத்திருக்கவில்லை.

கடைசியில் வாக்குமூலத்தை அச்செடுத்துக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். எல்லோரும் படிக்காமல்தான் போடுவார்கள் போலிருக்கிறது. டைப்பிஸ்ட் பேனாவை நீட்டிக்கொண்டே நின்றார். ஒத்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட நான் என்ன புது ஆளா? விரல் வைத்து வரி வரியாகப் படித்தேன். இரண்டாம் பக்கம், ஆறாவது வரி. 'உன்னை இங்கே விடமாட்டேண்டா.' பாவம், வருஷக் கணக்காக டா-வாகவே அடித்து அடித்து விரல் பழகிப்போயிருக்கும்.

"அம்மா, இதுல தப்பு இருக்கு. துணைக்கால் இல்லீங்க, மேல்விலங்கு."

நீதிபதி அம்மா தன் கையாலேயே அந்த எழுத்தை அடித்து, 'டி' என்று எழுதிச் சுருக்கொப்பம் இட்டார். விலங்கு போட்டால்தான் அண்ணனுக்கு விலங்கு கழலும் என்று எனக்கு அப்போது தோன்றியது, சிரிப்பும் வந்தது.

பள்ளிக்கூடத்தில் மதியம் பன்னிரண்டரைக்கே மதினி கனியை அழைத்துக்கொண்டு வந்துவிட்டாள். நேரமும் வகுப்பும் டீச்சருக்கு என் கடிதமும் எல்லாம் அந்தக் காதணி விழா மாதிரியின் பின்பக்கம் இருந்தன. பாய்தான் தெரியாமல் என்னை ஈரமில்லாதவள் என்றுவிட்டார், பாவம் மனுஷர்.

இனி பிழை திருத்தம். சிவப்புப் பேனா எடுத்து முன்பக்கங்களைத் திருத்திவிட்டேன். ஜனவரி 3, 'கதவு இடித்தது' என்பதை, 'முறுக்கினார்' என்று படிக்கவும். ஜனவரி 8, 'நான் கூப்பிடவில்லை' என்பது பொய். கல்யாணத்தன்றே அண்ணன் சொல்லியிருந்தான், "ஒண்ணும் பேச வேணாம், ஒரு மிஸ்டு கால் குடு, வந்துர்றேன்" என்று. ஒன்பது வருஷத்தில் ஒரே ஒரு தடவை கொடுத்தேன். ஜனவரி 16, படி எங்கள் வீட்டில் கிடையாது. ஜனவரி 19 முதல் பிப்ரவரி 11 வரை முழுவதும் அடித்துவிட்டேன்.

எல்லாப் பக்கத்திலும் இருந்த இன்னொரு பிழை 'அவர்.' இன்றும் பாதி தூரம் கை பழக்கத்தில் அப்படியே எழுதிவிட்டது. இனி தெய்வேந்திரன். அடித்தான் தெய்வேந்திரன்.

மார்ச் 7, வெள்ளி

தீர்ப்பு. அண்ணன் பைக்கில் முன்னாலேயே போய்விட்டான், நாங்கள் பஸ் கிடைக்காமல் பத்தேகாலுக்குத்தான் போய்ச் சேர்ந்தோம். மதினி மாரியம்மன் குங்குமத்தை அண்ணன் சட்டைப் பைக்குள் போட்டிருந்தாள். நான் திரவியத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், அது கல் மாதிரி இருந்தது. இந்த ஆளும் விலைபோய்விட்டாரோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். என் புத்தி அப்படி.

கொல்லும் எண்ணம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று வாசித்தார்கள். ஒரே அடி, ஆயுதம் அங்கேயே கிடந்தது, சொன்ன சொல் தங்கையிடம் சொன்னது, அடித்தவரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். 307 இல்லை. திடீரென்று மூண்ட ஆத்திரத்தில் கொடுங்காயம் விளைவித்தது, 335. முன்பே சிறையில் இருந்த எழுபத்தெட்டு நாளே தண்டனை. குற்றவாளிதான், ஆனால் வீட்டுக்குப் போகலாம். மதினி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

தெய்வேந்திரன் வாசலில் நின்றான். என்னைப் பார்த்தான். நான் முகத்தை மறைக்கவில்லை. திரவியம் அவன் மேல் கொடுக்கச் சொன்ன புகாரை நானே டைப் அடித்து, மூன்று முறை பிழை பார்த்து, நேற்றே கொடுத்துவிட்டேன்.

மதினியும் கனியும் ஆட்டோவில் முன்னால் போனார்கள். அண்ணன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வேப்பமரத்தடிக்கு வந்தான். இந்தப் பதினெட்டு மாதமாக எனக்குள் கிடந்த ஒன்றைக் கேட்டேன். கோர்ட்டில் நான் சத்தியம் செய்து சொன்ன ஒன்று. ஊரில் எல்லோரையும் சந்தேகப்பட்டுவிட்டு இவனை மட்டும் விட்டுவைப்பானேன்?

"அண்ணே. நெசமாச் சொல்லு. கையத்தான குறி வச்ச?"

அண்ணன் சாவியைப் போட்டான். உடனே திருகவில்லை. மரத்தில் காக்கைகள் கத்திக்கொண்டிருந்தன. சட்டைப் பைக்குள் கை விட்டுக் குங்குமத்தைத் தொட்டான். அவன் கண் கலங்கியிருந்தது.

"எனக்கே தெரியலடி" என்றான். "ஏறு."